பிரதி எடுத்தவள்

போன வாரம் ராஜலக்ஷ்மியைத் தாராவியில், கரீம் பாட்சாவின் காகிதக் கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவளுக்குக் கால் கடுத்திருக்கும். ஆனால் வயிறு எரிகிறவளுக்குக் கால் வலி எங்கே தெரியப் போகிறது?

கரீம் பாட்சா நல்ல மனுஷர். செம்பூரில் தமிழில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கப் போகிறார். அதற்கு ராஜியை ஆசிரியராகப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நடுவில் ஒரு முட்டுக்கட்டை.

"'அரபிக் கரை' பத்திரிகையில வர்ற மைதிலி தொடரை எழுதறது நீங்கதான்னு நான் நம்புதேம்மா. ஆனா என் கூட்டாளிங்க நம்பணும்லா? உங்க பேர் போட்டு அச்சுல வந்தது ஒண்ணு இருந்தா காட்டுங்க, போதும்" என்றார்.

ஒன்றும் இல்லை. ஊர் முழுக்க அவள் எழுத்தைப் படிக்கிறது. அவள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

ஏன் இல்லை என்றால், 'அரபிக் கரை'யின் ஆசிரியர் நாணு. நாணு யார் என்றால், ராஜியின் அக்கா விசாலாக்ஷியைக் கட்டிக்கொண்ட அத்திம்பேர். உதவி ஆசிரியை என்ற பெயரில் வாசகர் கேள்விக்குப் பதில், சமையல் குறிப்பு, ப்ரூஃப், தொடர்கதை எல்லாம் ராஜி. தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'எழுதுபவர்: நாணு'. உழுகிறவன் ஒருவன், உலக்கை போட்டு இடிக்கிறவன் ஒருவன் என்றாலாவது நியாயம் உண்டு. இங்கே அத்திம்பேர் சாப்பிட மட்டும் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீபாவளி மலரிலிருந்து அவள் பெயரைப் போடுவதாகச் சத்தியம் பண்ணியிருந்தார். தீபாவளி வந்தது, போயிற்று. ராஜி ஆபீசுக்குள் போய்க் கேட்டாள். அச்சக ஃபோர்மன் சொரிமுத்து, அச்சுக்குப் போகவேண்டிய ஃபாரம் வாங்கிப் போக வந்து நின்றிருந்தார். அவரை வைத்துக்கொண்டே அத்திம்பேர் சிரித்தார்.

"உன் பேரைப் போட்டா யாருடி வாங்குவா? ப்ரூஃப் பாக்கற பொண்ணு ப்ரூஃப் பாக்கணும்."

அன்றைக்கு ராஜி வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'எழுதறது நான்தான்னு இந்த மனுஷன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்' என்று தீர்மானம் பண்ணினாள்.

அதற்கு அவள் குறித்த நாள்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மாட்டுங்கா சங்கத்து ஹாலில் நாணுவுக்குப் பாராட்டு விழா. பொன்னாடை, சந்தன மாலை, அதற்கப்புறம் வழக்கம்போல் அவர் அடுத்த வாரத்து அத்தியாயத்தைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து சபைக்கு வாசித்துக் காட்டுவார்.

இதில் ஒரு விசேஷம். நாணு எதையும் முன்கூட்டிப் படிக்க மாட்டார். "முன்னாடியே படிச்சுட்டா குரல்ல புதுசு போயிடும்" என்பார். நிஜம் என்னவென்றால் அவருக்குப் படிக்கச் சோம்பல். குரல் மட்டும் ரேடியோவில் வரவேண்டிய குரல்.

ராஜி வலை விரித்தது அந்தச் சோம்பலில்தான்.

*

காலையில் விசாலாக்ஷி செம்பூரிலிருந்து பஸ் பிடித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தகரப் பெட்டி.

"ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு பெரிய பெட்டியாடி?" என்றாள் அம்மா.

"சாயங்காலம் கட்டிக்கப் பட்டுப்புடவை இருக்கும்மா. கசங்கிடக் கூடாதோல்லியோ?"

வாராவாரம் அவள் வருவது கதைக்காக. ராஜியின் கிறுக்கலை அவள் தன் முத்து முத்தான கையெழுத்தில் பிரதி எடுக்க வேண்டும். ராஜி எழுதின மூலம் உடனே வெந்நீர் அடுப்புக்குப் போய்விட வேண்டும். இது அத்திம்பேர் போட்ட சட்டம். 'நான் சொல்லச் சொல்ல என் ஆம்படையாள் எழுதறா' என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதற்கு அத்தாட்சி அந்தக் கையெழுத்து. ராஜியிடம் காட்ட ஒரு தாள்கூட மிஞ்சாததற்குக் காரணமும் அதுதான்.

விசாலாக்ஷி மணையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தாளை வைத்து எழுத உட்கார்ந்தாள்.

ராஜி சுவரில் சாய்ந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாரத்துத் தாள்களில் அவள் வைத்திருந்தது சாதாரணச் சங்கதி இல்லை. கதையில் மைதிலி பாட்டுக் கட்டுகிறவள். அவளுடைய அத்திம்பேர் ஒரு பாகவதர். இத்தனை வாரமும் அவரைத் தங்கமான மனுஷராகவே காட்டி வந்தாள். "அந்தப் பாகவதர் அச்சு அசல் நான்தான்" என்று நாணு பூரித்துப் போயிருந்தார். இந்த வாரம்தான் அந்தத் தங்கத்தை உரைத்துப் பார்க்கிற வாரம்.

அக்காவுக்குப் புரிந்துவிடுமோ?

புரியாது என்றுதான் ராஜி நம்பினாள். விசாலி கதை படிக்கிறவள் இல்லை. ஸ்ரீராமஜெயம் எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டே போவாள், அவ்வளவுதான். பொங்கல் கூட்டத்தில் நாணு மைக்கில் சொன்னாரே, "எங்காத்துக்காரிக்குக் கதையெல்லாம் புரியாது, பிரதி எடுக்கத்தான் தெரியும்" என்று. சபை விழுந்து விழுந்து சிரித்தது. விசாலியும் சிரித்தாள். உண்மையைச் சொன்னால், ராஜியும்தான்.

பேனா நடுப்பக்கத்தில் நின்றது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை. மசி தீந்துடுத்து."

மசி ஊற்றிக்கொண்டு மறுபடி எழுதினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அம்மா சமையல் அறைக்குள் கூப்பிட்டாள். தேங்காய் துருவ வேண்டுமாம். துருவிக்கொண்டிருந்தவளிடம் அம்மா பழைய பாட்டை எடுத்தாள்.

"உங்கப்பா போனப்புறம் அந்த மனுஷன்தான்டி நம்மளைத் தாங்கினார். இன்னிக்கு அவருக்கு மரியாதை பண்றா. நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு நிக்காதே. நன்னாச் சிரிச்சுண்டு நில்லு."

"நிக்கறேம்மா. நீ பாத்துண்டே இரு, இன்னிக்கு நான் சிரிக்கற மாதிரி யாரும் சிரிக்க மாட்டா."

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. அத்திம்பேர் தலைகுனிந்தால் அக்கா எங்கே நிமிர்ந்து நிற்பாள்? ஆனால் 'ப்ரூஃப் பாக்கற பொண்ணு' என்ற அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. உறுத்தல் வந்த வழியே போய்விட்டது. பழி வாங்குகிறவளுக்கு ஞாபகம்தான் பலம்.

அவள் கூடத்துக்குத் திரும்பியபோது விசாலி பிரதியை மடித்து உறையில் போட்டு ஒட்டியிருந்தாள். மூலத்தைத் தானே அடுப்பில் போட்டுவிட்டு வந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் எழுதிட்டியா?" என்றாள் ராஜி.

"கடைசி வரைக்கும்" என்றாள் அக்கா.

*

ஹாலில் இடம் இல்லை. முன்வரிசையில் சங்கத்துப் பெரியவர்கள், அவர்களோடு பட்டுப்புடவையில் விசாலாக்ஷி. நடு வரிசையில் கரீம் பாட்சா. ராஜிதான் வரச் சொல்லியிருந்தாள். அவருக்குப் பக்கத்தில் அச்சகத்து ஆட்களுடன் சொரிமுத்து. ராஜி கடைசியில் கதவோரமாக நின்றாள். விசாலியின் தகரப் பெட்டியும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான், செருப்புகளுக்கு நடுவில் இருந்தது. வீட்டிலேயே புடவை மாற்றிக்கொண்டவள் பெட்டியை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று ராஜி யோசிக்கவில்லை. அவள் யோசனையெல்லாம் மேடையில் இருந்தது.

பொன்னாடை போர்த்தினார்கள். நாணு மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தப் பெருமையில என் சகதர்மிணிக்கும் பங்கு உண்டு. அவளுக்குக் கதை புரியாது. ஆனா கையெழுத்து ஏக்தம், அப்படியே அச்சு மாதிரி இருக்கும்!"

சபை சிரித்தது. இந்தத் தடவை விசாலி சிரிக்கவில்லை. ராஜிக்கு அது தெரியவில்லை, முதுகுதானே தெரிந்தது.

உறையைக் கிழித்தார். வாசிக்க ஆரம்பித்தார். என்னதான் பகை என்றாலும் சொல்லவேண்டியதைச் சொல்ல வேண்டும், அந்தக் குரல் குரல்தான். மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

"'அன்று பாகவதருக்குப் பாராட்டு விழா. தோளில் பொன்னாடை. அது நழுவும்போதெல்லாம் இடது கையால் இழுத்து விட்டுக்கொள்வது அவர் வழக்கம்...'"

வாசித்துக்கொண்டே நாணு இடது கையால் பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டார்.

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாணுவும் பெருமையாகச் சிரித்தார். தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று சபைக்குத் தெரிவதில் அவருக்குச் சந்தோஷம்.

"'பாகவதர் பாடினார். சபை சொக்கியது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மைதிலியின் குரல். அத்திம்பேரே, இந்தக் கிருதியின் கடைசிச் சரணத்தையும் பாடுங்களேன். பாகவதர் விழித்தார். ஏனென்றால் இதுவரை அவர் பாடிய ஒரு பாட்டைக்கூட அவர் கட்டவில்லை. கட்டினவள் கடைசிச் சரணத்தை அவரிடம்...'"

குரல் தேய்ந்தது.

நாணு அடுத்த வரியைக் கண்ணால் மட்டும் படித்தார். அதற்கடுத்த வரியையும் படித்தார். நெற்றியில் சந்தனம் வியர்வையில் கரைய ஆரம்பித்தது.

ராஜி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இத்தனை நாள் பொறுத்தாள். பாயசம் குடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. அதை மறைப்பானேன்?

"டைம் ஆயிடுத்து" என்றார் நாணு. "பாக்கியைப் பத்திரிகையிலே படிச்சுக்கலாமே?"

"அதெப்படி? வாசியுங்கோ!" என்று நாலு பக்கமும் கூச்சல் எழுந்தது.

நாணு தாளைத் தாழ்த்தினார். சமாளித்துவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. தாளைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"அப்புறம்... பாகவதர் அந்தக் கடைசிச் சரணத்தையும் பாடினார். நன்னாவே பாடினார். எல்லாரும்... எல்லாரும் சந்தோஷமா ஆத்துக்குப் போனா."

சபையில் சலசலப்பு எழுந்தது.

சொரிமுத்து எழுந்தே விட்டார். "என்னய்யா இது? நம்ம மைதிலி கதை இப்படி இருக்காதே! வாரா வாரம் அச்சு எழுத்துக் கோக்கியது நாங்கள்லா? தாள்ல உள்ளத வாசிங்கய்யா!"

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. நாணுவுக்கு வாய் இருந்தது, குரல் இருந்தது. சொந்தமாக ஒரு வரி வரவில்லை.

அப்போதுதான் முன்வரிசையில் விசாலாக்ஷி எழுந்தாள்.

மெதுவாக மேடை ஏறினாள். புருஷன் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டாள். அவர் விடாமல் பிடித்திருந்தார். அவள் இழுத்தே வாங்கினாள்.

"அவருக்குக் கண்ணு மங்கறது. நான் வாசிக்கறேன்" என்றாள் மைக்கில்.

அவள் குரல் நாணு குரல் மாதிரி இல்லை. சாதாரணக் குரல், கறிகாய்க்காரனிடம் பேசுகிற குரல். ஆனால் ஒரு எழுத்துத் தடுக்கவில்லை.

கதவோரத்தில் ராஜியின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒவ்வொரு வார்த்தையும் அவளுடையதல்லவா? "'...கட்டினவள் கடைசிச் சரணத்தை அவரிடம் கொடுக்கவே இல்லை. பாகவதர் தலை குனிந்து நின்றார். சபை வாயடைத்து உட்கார்ந்திருந்தது.'"

அத்தியாயம் அதோடு முடிந்தது. ராஜி அதோடுதான் முடித்திருந்தாள்.

விசாலி தாளைத் திருப்பினாள். மேலே வாசித்தாள்.

"'அப்போது முன்வரிசையில் இருந்த பாகவதரின் மனைவி எழுந்தாள். இத்தனை நாளும் இவர் பாடின பாட்டையெல்லாம் பிரதி எடுத்தவள் நான். எனக்குப் புரியாது என்று இவர் சொன்னார். எனக்கு முதல் வரியிலேயே புரிந்தது, என்றாள்.'"

ராஜி எக்கி மேடையைப் பார்த்தாள். இது அவள் எழுதினது இல்லை.

நாணு கெட்டிக்காரர். எழுதத்தான் தெரியாதே தவிரப் பிழைக்கத் தெரியும். சட்டென்று கைகளைத் தட்டிக்கொண்டு மைக்குக்குப் பாய்ந்தார்.

"எப்படி இருந்தது எங்க நாடகம்? கதையை மேடையிலேயே நடிச்சுக் காமிச்சுட்டோம் பாத்தேளா? குடும்பமே சேர்ந்து ஒத்திகை பார்த்தது!"

என்ன அநியாயம்! சபை கைதட்டியது. முன்வரிசைப் பெரியவர்கள் 'அப்பாடா' என்று மூச்சு விட்டார்கள். ராஜி இத்தனை நாள் சேர்த்து வைத்த பழி, அந்த மனுஷனுக்கு இன்னொரு கைதட்டலாகப் போய்விட்டதே!

கைதட்டல் அடங்கியதும் கரீம் பாட்சா எழுந்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"நாடகம் பிரமாதம் சார். ஒத்திகை பாத்தீங்கன்னா மேல்கொண்டு என்ன வரும்னும் தெரியும்லா? பாகவதர் பொண்டாட்டி எந்திரிச்சிட்டா. அடுத்து அவ என்ன செய்தா? ஒரே ஒரு வரி சொல்லுங்க, போதும்."

நாணு மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை.

"அடுத்து... அவ வந்து..." என்றார். பொன்னாடை நழுவியது. இந்தத் தடவை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அவருக்குத் தெரியாது" என்றாள் விசாலாக்ஷி. "என்னிக்குமே தெரிஞ்சதில்லை. மைதிலி கதையை முதல் வரியிலேர்ந்து எழுதினவ என் தங்கை. பேர் ராஜலக்ஷ்மி. அதோ, கதவோரமா நிக்கறா."

ஹால் முழுக்கத் தலைகள் திரும்பின. ராஜி ஆசைப்பட்ட பெயர், அவள் ஆசைப்பட்ட சபையில், மைக்கிலேயே கேட்டது. அவளுக்கு அழுகைதான் வந்தது.

சொரிமுத்து தலையில் தட்டிக்கொண்டார். "அட, ப்ரூஃப் பாக்க வர்ற நம்ம அம்மாவா! அன்னைக்கு ஆபீஸ்ல பேரு கேட்டது இதுக்குத்தானா!"

கரீம் பாட்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நாளைக்கே செம்பூருக்கு வாங்கம்மா. ஆசிரியர் நாற்காலி உங்களுக்குத்தான். இனிமே யாரு கேட்டாலும் இத்தனை சாட்சி இருக்கு."

ராஜி அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. சூழ்ந்துகொண்டவர்களுக்கு நடுவில் அவள் அக்காவைத் தேடினாள். மேடையில் நாணு மட்டும் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரிடம் போகவில்லை. கதவுக்குப் பின்னால் தகரப் பெட்டியைக் காணவில்லை.

*

பஸ் ஸ்டாப்பில், பட்டுப்புடவையோடு, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள் விசாலாக்ஷி. ராஜி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். மூச்சு இரைத்தது.

"அக்கா! என்ன பண்ணிட்டே! உனக்கு எல்லாம் தெரியுமா? நீ படிப்பியா? நான் உன்னை..."

"ஸ்ரீராமஜெயம் எழுதறவன்னு நினைச்சே."

ராஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொங்கல் கூட்டத்துல அவர் சொன்னப்போ நீயும்தான் சிரிச்சே. நான் திரும்பிப் பார்த்தேன்டி."

"அக்கா, மன்னிச்சுடு. நான் இதெல்லாம் என் பேருக்காகப் பண்ணினேன். அவர் என் பேரைத் திருடிட்டார்."

"திருடினார். அதனாலதான் மேடை ஏறினேன். உன் பேரை உனக்கு வாங்கிக் குடுத்துட்டேன், சரியாப் போச்சு." விசாலி கையை விடுவித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன். இத்தனை நாளா மைதிலி கதை எழுதினே. பால்காரனுக்குப் பேர் வச்சே. மைதிலி வளர்த்த கிளிக்குப் பேர் வச்சே. பாகவதருக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி உண்டே, அவளுக்கு ஒரு பேர் வச்சியா?"

ராஜி வாயைத் திறந்தாள். யோசித்தாள். ஒவ்வொரு அத்தியாயமாக நினைத்துப் பார்த்தாள். காபி கொண்டு வந்து வைத்தாள் பாகவதரின் மனைவி. கதவைத் திறந்தாள் பாகவதரின் மனைவி.

"வைக்கலை" என்றாள்.

"வாராவாரம் பிரதி எடுக்கறச்சே தேடுவேன். இந்த வாரமாவது வைப்பாளோ, இந்த வாரமாவது அவளை ஒரு வார்த்தை பேச விடுவாளோன்னு. இன்னிக்கு நீ அவரை மேடையிலே கவுக்கறே, அப்பவும் அவளைக் காணோம். அவ என்ன ஆவாள்னு நீ யோசிக்கவே இல்லை. சரி, நாமே எழுதிப்போம்னு எழுதிட்டேன்."

பஸ் வந்து நின்றது. "சலோ, சலோ, ஆகே படோ" என்று முன்னால் நகரச் சொல்லிக் கண்டக்டர் கூவினான். விசாலி பெட்டியைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டு ஏறினாள். ராஜி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வேளையிலே எங்கேக்கா போறே? செம்பூருக்கா? நம்மாத்துக்கு வா. அம்மாகிட்ட நான் சொல்றேன்."

"செம்பூருக்கும் இல்லை, அம்மா ஆத்துக்கும் இல்லை. காலம்பற பெட்டி கட்டறச்சேயே முடிவு பண்ணிட்டேன்."

"பின்னே எங்கே?"

விசாலாக்ஷி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நீதானே கதை எழுதறவ? யோசிச்சுக் கண்டுபிடி" என்றாள்.

மணி அடித்தது. பஸ் கிளம்பிவிட்டது. அது எந்த நம்பர் பஸ் என்றுகூட ராஜி பார்த்து வைக்கவில்லை.